யோனாவும் என் மச்சானும்

போன வாரம் மழைக்கு நடுவே மனைவியின் அண்ணன் ஊருக்குப் போயிருந்தேன். நாமக்கல் பக்கம், காவிரிக்கரை. மச்சான்தான் அந்த ஊர் மணியக்காரர். காலைப் பலகாரம் முடிவதற்குள் வாசலில் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. மேட்டூர் டேமில் உபரித் தண்ணீரைத் திறக்கிறார்களாம். கரையோரத்து ஜனங்களை உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டுமாம்.

ஜீப் போய்விட்டது. மச்சான் அசையவில்லை. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

காரணம் இருக்கிறது. போன வருஷமும் இதே ஜீப், இதே செய்தி. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டார். ஜனங்கள் சட்டி பானையோடு மேடேறினார்கள். தண்ணீரோ... படித்துறையைத் தாண்டவே இல்லை. அன்றிலிருந்து டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் போதும், தண்ணி வருதுங்களா என்று யாராவது கேட்பார்கள். மச்சான் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

"இந்தத் தடவையும் சொல்லி, வராட்டி என்ன பண்றது மாப்ள?" என்றார்.

சொல்லாமல் விட்டால் ஜனங்களின் உயிர். சொல்லி, வராமல் போனால் இவருடைய மானம்.

அப்போதுதான் ஞானமுத்து வாத்தியார் வந்தார். மேட்டுப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர், கிறிஸ்தவர். ஜீப்பைப் பார்த்ததும் பள்ளிக்கூடச் சாவியோடு கிளம்பி வந்துவிட்டார். மச்சானின் கவலையைக் கேட்டுச் சிரித்தார். அவர்கள் வேதத்திலும் இப்படி ஒருவர் உண்டாம். பெயர் யோனா. ஊர் அழியப்போகிறது என்று கடவுள் சொல்லச் சொன்னார், யோனாவும் போய்ச் சொன்னார். ஜனங்கள் பயந்து திருந்தினார்கள். கடவுள் ஊரை விட்டுவிட்டார். யோனாவுக்கு வந்ததே கோபம்! என் வாக்கு பொய்யாகிவிட்டதே என்று ஊருக்கு வெளியே ஓர் ஆமணக்குச் செடி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

"நம்ம காட்டு ஆமணக்காங்க?" என்றார் மச்சான். முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் தெளிவு.

எனக்கு ஒரு பழைய சந்தேகம். சேலம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் ஒரு நாள் அழிவு வருகிறது என்பார்கள். மறுநாள் கைவிடமாட்டேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பார்கள். இதில் எதை நம்புவது? வாத்தியாரிடம் கேட்டே விட்டேன்.

"ரெண்டும் ஒரே வாய்தானுங்க. அழிக்கறதுதான் நோக்கம்னா ஆளனுப்பிச் சொல்லோணுமா? சும்மா இருந்தாலே போதுமே. கைவிடமாட்டேன்னு வாக்குக் குடுத்ததுனாலதான் சத்தம் போட்டு எச்சரிக்கறாரு."

மச்சான் எழுந்து கை கழுவினார். தண்டோரா கிளம்பியது.

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். ஆற்றை ஒட்டிக் குடிசை போட்டிருக்கும் ராமாயி மட்டும் ஆடுகளோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். போன வருசமும் இதையேதானே சொன்னீங்க என்றாள். மச்சான் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தண்ணி வராட்டி நாளைக்கு என்னை வாயாரத் திட்டு ஆத்தா. ஆனா திட்டறதுக்கு நீ உசுரோட இருக்கோணும்."

ராமாயி எழுந்தாள். பிறகு ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

தண்ணீர் வந்தது. படித்துறை முங்கியது. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ராமாயியின் வேலிக்காலைத் தொட்டது... அங்கேயே நின்றுவிட்டது. மேட்டூருக்கு வரத்து குறைந்ததும் மதகுகளை இறக்கிவிட்டார்களாம். ஜனங்கள் திருந்தியதைப் பார்த்துக் காவிரி நிற்கவில்லை — அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அது யோனா எச்சரித்த அந்தப் பழைய ஊர்க்காரர்களுக்கு வந்த அதே நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். சொன்னது நடக்கவில்லை என்பதற்காக இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

நாம் என்னவோ பலித்தால்தான் அது நல்ல வாக்கு என்கிறோம். பலிக்கக்கூடாது என்றே சொல்லப்படுகிற வாக்கும் உண்டு போலிருக்கிறது. சிகரெட்டை விடாவிட்டால் போய்ச் சேர்ந்துவிடுவாய் என்று டாக்டர் மிரட்டுவதும் அந்த ரகம்தானே?

மறுநாள் காலை ஜனங்கள் இறங்கினார்கள். நேராக மச்சான் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பொழைப்பு கெட்டது என்றார். ஒருவர் வீண் அலைச்சல் என்றார். மச்சான் சொன்ன வாக்கை ராமாயி காப்பாற்றினாள் — வாயாரத் திட்டினாள். நடுவே ஆடுகளும் கத்தின.

மச்சான் கை கட்டி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபமே இல்லை. ஆமணக்கு நிழலைத் தேடுகிற முகமே இல்லை அது.

"எல்லாரும் திட்டியாச்சுங்களா? ஒருத்தரும் விட்டுப்போகலையே?"

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.