ஒயர் லூஸு என்று சொன்ன அருள்மேரி அக்கா

செய்தி வந்தபோது நான் ஓடாத ஒரு காரை என் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி, நெல்லூர் போகும் நெடுஞ்சாலை ஓரம். இரும்புக் கயிறு இழுக்க, கார் மெல்ல மெல்லச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. போனில் அருள்மேரி அக்காவின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். கயிற்றை நிறுத்தியதுகூட எனக்குத் தெரியாது. கார் பாதி ஏறி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. காரின் சொந்தக்காரர் ஓடிவந்து, "இன்னாச்சுபா, வண்டிக்கா உனக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கயிற்றை இழுக்க விட்டேன்.

சிறுநீரகக் கோளாறு அக்காவுக்கு ஒரு வருடமாகவே இருந்தது. ஆனாலும் கடைசி மாதம் வரை தன் கார் ரிப்பேர் ஷெட்டைத் திறந்துகொண்டுதான் இருந்தார். நம் வண்டித் தொழிலாளர் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் எனக்கு அறிவு இரட்டிப்பு என்று நினைத்துவிட்டார்கள் போலும். கடைசியாக நான் எழுதியது என் மகளின் பள்ளிக்கு ஒரு லீவு கடிதம். அதையும் என் மகள்தான் திருத்தினாள். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு அவர் "ஒயர் மேரி". காருக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வேலை பார்த்தவர். பலகை முன்னால் நின்றபடியே நாள் முழுக்க ஒயர் கட்டுவது. அவருடைய அப்பா அம்மா நாற்றுக் கட்டினார்கள், அவர் ஒயர் கட்டினார். "எங்க ஊட்ல எல்லாருக்கும் முதுகுவலி ஒண்ணுதான், கட்டுதான் வேற" என்பார். கம்பெனியை விட்டதும் பைபாஸ் ஓரத்தில் சொந்தமாக ஷெட் போட்டார். பெருமை அடித்துக்கொள்வதில் அவருக்கு இணை கிடையாது. "நானு தொட்ட வண்டிய இன்னொருத்தன் தொறந்து பாத்தா, அது அவன் படிக்கிறதுக்குத்தான்" என்று நம் முகத்துக்கு நேராகவே சொல்வார். நமக்குக் கோபம் வரும். ஆனால் வண்டி ஓடும்.

எனக்கு அவரிடம் தொழில்முறைப் பகை ஒன்று இருந்தது. என் பிழைப்பு ஓடாத வண்டியை ஏற்றிப் போவது. அவர் பிழைப்பு அதை ஓட வைப்பது. நான் சரிவுப் பலகையை இறக்கும் நேரம் பார்த்து அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். "ஏழுமல, கொஞ்சம் பொறு" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு எனக்குக் கூலி கிடையாது, தின்ற நாஷ்டா மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து பணக்காரப் பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த ரோட்டில் பறப்பார்கள் அல்லவா? அதில் ஒன்று டீக்கடை வாசலில் நின்றுவிட்டது. தாழ்வான மஞ்சள் கார். நான்தான் முதலில் போனேன். போனதும் அனுபவசாலியைப் போல முன்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு பையும் இரண்டு செருப்பும் இருந்தன. இன்ஜினைக் காணோம். "இன்ஜின எவனோ அடிச்சிட்டான்பா" என்று நான் பதறியதை அந்தப் பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். அந்தக் காருக்கு இன்ஜின் பின்னால் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா வந்தார். காரைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அதுதான் அவர் முறை. "மொதல்ல கைய கட்டிக்கோ, அப்பத்தான் கண்ணு வேல செய்யும்" என்பார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். பிறகு காரை விட்டுவிட்டு, ஓட்டிய பையனைப் பார்த்தார்.

"எங்க குதிச்சுது?"

"குதிக்கலயே ஆன்ட்டி. ஸ்பீடு பிரேக்கர்ல லைட்டா..."

"லைட்டாவா? உன் பல்லு எல்லாம் கீதான்னு எண்ணிப் பாரு."

கதவோரம் கையை விட்டு எதையோ அமுக்கினார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. மோதல் நடந்தால் தீப்பிடிக்காமல் இருக்க பெட்ரோலை நிறுத்தும் சுவிட்சு அது. ஸ்பீடு பிரேக்கரில் குதித்த அதிர்ச்சியை அது மோதல் என்று நினைத்துவிட்டது. அக்கா டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டனவனுக்குத்தான் கண்ணு தெரியல." நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன். இறக்கிய பலகையைத் திரும்ப ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வருமானம் போனதால் இல்லை. திருவிழாவில் சாமி புறப்பாடு பார்த்தவன் உடனே வீட்டுக்குப் போவானா?

அவரிடம் கோளாறு பார்க்கும் கம்ப்யூட்டரும் இருந்தது. அதை நம்பி மட்டும் வேலை செய்பவர்களைப் பார்த்தால் சிரிப்பார். "அது சொல்றது சாட்சி. தீர்ப்பு நாந்தான் சொல்லணும்." சொல்லவும் செய்வார், ஊருக்கே கேட்கும்படி. யார் தப்பு, என்ன தப்பு, ஏன் புத்தி இல்லை என்பது வரை. அதுதான் அவர் வாங்கும் உண்மையான கூலி என்று நாம் பேசிக்கொள்வோம்.

இனி, நம்மில் பலர் நேரில் பார்த்த விஷயம். என் மகள் கல்யாணம்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கூரை இல்லாத கார் வேண்டும் என்பது என் ஆசை. ஊரில் கெட்டுப்போன கார்களை எல்லாம் சுமந்தவன், ஒரு நல்ல காரையாவது மண்டபத்து வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டாமா? சோழவரத்தில் ஒரு கம்பெனி முதலாளி. அவர் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு கீறல் படாமல் நான் பலமுறை ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த நன்றிக்கு ஒருநாள் இரவல் கொடுத்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. காலையில் மாப்பிள்ளை ஊரான மணவாள நகருக்குச் சிங்கம் போல வந்து நின்றது. சாவியை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு நான் பந்தி வேலைக்குப் போய்விட்டேன்.

மதியத்துக்கு மேல் நான் அழைப்புக்கு வந்து சேர்ந்தபோது, பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை மாலையோடு ஏறி உட்கார்ந்தார். மேளம் தொடங்கியது. நண்பர் ஒருவர் சாவியைத் திருப்பினார். கார் பிடித்தது, ஒரு நொடி உறுமியது, அணைந்தது. திரும்பத் திருப்பினார். அதே ஒரு நொடி. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் மண்டபத்தில் கால் வைக்க வேண்டும். மேளக்காரர்கள் ஒரே பாட்டை மூன்றாவது தடவை வாசித்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமா என்னைப் பார்த்து, "இன்னா சம்பந்தி, உங்க வண்டிய எடுத்தாந்து மாப்பிள்ளையோட சேத்து ஏத்திகினு பூடுங்க. தொழிலுக்குத் தொழிலும் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகன் நிச்சயதார்த்தத்துக்கு முன்பு பைக்கில் விழுந்து கால் முறிந்து எழுந்தவர். "இந்தப் பயணம் எம்புள்ளைக்கு ஆவல போல. இன்னிக்கி இத்தோட நிறுத்திட்டு, மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். மண்டபத்தில் என் மகள் தலை நிறையப் பூவோடு காத்திருந்தாள்.

கூட்டத்தில் இருந்த நம் ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெட்ரோல் என்றார் ஒருவர். பம்ப்பு என்றார் இன்னொருவர். நான்கூட, இன்ஜின் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்போது பட்டுப்புடவையோடு அருள்மேரி அக்கா முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். இன்னொரு தடவை திருப்பச் சொல்லிக் கேட்டார். சாவியைப் பார்த்தார். அப்புறம் சம்பந்தியம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். புடவையின் பார்டரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஒயர் லூஸு" என்றார் உரக்க. "பானட்டத் தொறங்க. எல்லாரும் அந்தாண்ட போங்க. சம்பந்தியம்மா, நீங்க சாவியோட சீட்ல குந்துங்க. கைராசி உங்களுக்குத்தான்."

திறந்த பானட்டு அவர்களை எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. உள்ளே இரண்டு பெண்களும் ஏதோ பேசியது தெரிந்தது. சற்று நேரத்தில் கார் பிடித்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, நிற்கவே இல்லை. சம்பந்தியம்மா இறங்கி வந்து, மகன் கையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அழுதிருந்தார். மாப்பிள்ளை ராகுகாலத்துக்கு முன்பே மண்டபத்தில் கால் வைத்தார்.

அதற்குப் பிறகு நாம் அக்காவை என்ன பாடு படுத்தினோம் என்பது உங்களுக்கே தெரியும். ஒயர் லூஸாக இருந்தால் இன்ஜின் சுற்றவே சுற்றாது, பிடித்துவிட்டு அணையாது. அவர் கையில் ஸ்பேனர்கூட இல்லை. ஏதோ யோகத்தில் ஸ்டார்ட் ஆனது. எல்லாம் நியாயமான பேச்சுத்தான். "ஒயர் மேரி" போய் "லூஸு ஒயர் மேரி" ஆனது. சங்கக் கூட்டத்தில் மைக் இரைந்தால்கூட, "அக்காவக் கூப்புடு, ஒயர் லூஸு" என்போம். ஒரு சொல் பொறுக்காத மனுஷி, இதற்கு மட்டும் "ஆமாண்டா, லூஸுதான்" என்று சிரித்துவிட்டுப் போவார். எனக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா மணவாள நகரிலிருந்து ஒற்றையாக வந்தார். கண்ணாடிப் பெட்டியருகே நின்றுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னிக்கி ஒயரு ஒண்ணும் லூஸு இல்ல" என்றார்.

மகனுக்கு மறுபடி ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மந்திரித்த செப்புத் தகடு ஒன்றை வாங்கி, அதைச் சாவியின் தலையில் சுற்றி, மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டியது அவர்தான். அந்தச் சாவித் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அது "நான்தான்" என்று சொன்னால்தான் கார் ஓடும். தகடு அதன் வாயை மூடிவிட்டது. அக்கா பானட்டின் மறைவில் அவரிடம் சொன்னாராம்: "வண்டி கெட்டுப்போவலம்மா. உங்க புள்ளயத் திருடன்னு நெனச்சிக்குது. தகட்ட அவுத்து அவன் கையில கட்டுங்க. நீங்க காப்பாத்த வேண்டியது வண்டியவா, அவனையா?"

சம்பந்தியம்மா அழுதுகொண்டே அவிழ்த்திருக்கிறார். தன்னால்தான் மகனின் ஊர்வலம் நின்றது என்று வெளியே தெரிந்தால், அந்தக் கூட்டத்தில் அவர் முகம் எங்கே போகும்? "யாரு கேட்டாலும் ஒயருன்னு சொல்லிக்கிறேன். நீங்க கண்ணத் தொடச்சிகினு எறங்குங்க" என்றாராம் அக்கா.

"இத்தினி வருசம் நீங்கல்லாம் கிண்டல் பண்ணீங்க. அவங்க ஒருத்தர்கிட்டயும் வாய் தொறக்கல" என்றார் சம்பந்தியம்மா. "இப்ப எழுதுங்கண்ணே. எம்பேரச் சொல்லியே எழுதுங்க. அவங்க பேரு அவங்களுக்குத் திரும்ப வரட்டும்."

அவர் சொன்னதால்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனாலும் அவர் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அக்கா காத்ததில் அதையாவது நான் காக்க வேண்டாமா? நம் ஆட்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் காரைப் பற்றி அருள்மேரி அக்கா கண்டுபிடித்தது சரி. நம் ஒருவருக்கும் அது தெரியவில்லை. டீக்கடைக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொல்கிற மனுஷி, தன் வாழ்நாளின் நல்ல தீர்ப்பை ஒரே ஒருத்தி காதில் சொல்லிவிட்டு, நம்மிடம் ஒரு முட்டாள் பதிலைச் சொல்லிவிட்டுப் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் கார் முன்னால் நின்ற மாதிரி வாய் திறந்து நிற்கிறேன்.

அவர் அறிவு எனக்கு வராது. இன்ஜின் எந்தப் பக்கம் என்று இன்னமும் ஒரு தரம் யோசிக்கிறேன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு, வண்டியோடு சேர்த்துப் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தையும் பார்க்கப் பழகிக்கொண்டேன். போன வாரம் ஒரு புது மாப்பிள்ளை, மாமனாரின் பெட்ரோல் காரில் டீசலைப் போட்டுவிட்டு ரோட்டோரம் நின்றிருந்தார். மூடியைத் திறந்ததுமே வாடை அடித்தது. மாமனார் பின்னாலேயே வந்து நின்று, "இன்னாபா ஆச்சு என் வண்டிக்கு?" என்றார். மாப்பிள்ளை என்னையே பார்த்தார்.

"ஒயர் லூஸு சார்" என்று சொல்லிவிட்டுப் பலகையை இறக்கினேன்.