கன்னிமார் மேட்டு மோதிரம்

வேம்புலியம்மாளை ஆவடிப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பட்டாளத்தான் பொண்டாட்டி’ என்பார்கள், அதுவும் வாயோரத்தில் ஒரு சிரிப்போடு. அவள் புருஷன் கன்னியப்பன் முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினவன். திரும்பவில்லை. செத்தான் என்ற சேதியும் வரவில்லை. அந்த ஊர்க்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று அவன் அண்ணன் செங்கல்வராயன் சொன்னான். கப்பலில் வந்த யாரோ பார்த்தார்களாம். அந்த யாரோ யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்தவன் குடும்பம் கெட்ட கதை என்றால் நம் ஜனங்களுக்குச் சாட்சி வேண்டியதில்லை.

அவள் தாலியும் பொட்டுமாக, பெண்டாட்டியை இழந்த செங்கல்வராயனுக்கே சோறாக்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினாள். கன்னியப்பன் சம்பளத்தில் வாங்கிய நிலத்தை அண்ணன்தான் உழுதான்.

அந்த நிலத்தின் மூலையில் ஒரு மேடு, அதன்மேல் ஏழு கற்கள். முன்பு அங்கே ஒரு கிணறு இருந்தது. சண்டை முடிந்த மறு வருஷம், தாய்க்குக் காய்ச்சல் என்று வேம்புலி குமணன்சாவடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்து கிடந்தது. கன்னிமார் கனவில் வந்து இடம் கேட்டார்கள் என்றான் செங்கல்வராயன். எங்கள் பக்கத்தில் கன்னிமார் உட்கார்ந்த இடத்தில் யாரும் மண்வெட்டி போடமாட்டார்கள். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் அங்கே விளக்கு வைத்தாள். வைத்துவிட்டு, ஓடிப்போன புருஷனை வாய்விட்டுத் திட்டுவாள். “எங்க கெடக்கிறியோ, மண்ணோட மண்ணா மக்கிப் போ.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் பட்டாளம் வந்து அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது. கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். ஊரே அங்கே கூலிக்குப் போனது, வேம்புலியும் மண் சுமந்தாள். மேட்டுக்கு வந்ததும் ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். செங்கல்வராயன் கற்களின்முன் விழுந்து, கை வைத்தால் அம்மா ரத்தம் கேட்பாள் என்று கத்தினான். கிழவனுக்கு என்ன பக்தி என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். கடைசியில், இத்தனை வருஷம் விளக்கு வைத்த கைதானே என்று வேம்புலியே சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டு முதல் கல்லை எடுத்தாள்.

மறுநாள் ஆள் உயரத்துக்குக் குழி இறங்கியது. வேம்புலி கூடையைக் கொட்டும்போது மண்ணில் ஒரு மோதிரம் கிடந்தது. கறுத்துப்போன வெள்ளி. வேலையை மேற்பார்த்த ஹவில்தார் நாகேந்திரன் பூந்தமல்லிக்காரர், பழைய சண்டைக்குப் போய் வந்தவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, இங்க எப்டி வந்துச்சி? இது பஸ்ரா கேம்ப்புல அடிச்சதும்மா. கிரீடம் கீது பாரு, கீழ கம்பெனி நம்பரு, பத்தொம்போதாம் வருசம். சண்ட முடிஞ்சி ஊருக்குக் கப்பல் எப்ப வரும்னு காத்துக்கினு இருந்தப்போ, வெள்ளி ரூபாய உருக்கி ஆளுக்கொண்ணு அடிச்சிக்கினோம். எங்கிட்டயும் ஒண்ணு கீது.”

பிறகு உள்பக்கத்தைச் சுரண்டினார். “உள்ள தமிழ்ல ஒரு பேரு வெட்டிக்கீறான். வேம்புன்னு. ஆரும்மா அது?”

வேம்புலி கை நீட்டினாள். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான். ஓடிப்போகவில்லை அவன். வந்திருக்கிறான். அவளுக்காக மோதிரம் செய்துகொண்டு வந்திருக்கிறான். அவன் தலைக்கு மேலே நின்றுதான் இத்தனை காலமும் மக்கிப் போ என்று சபித்திருக்கிறாள். மோதிரத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பொழுது சாயும் நேரம். செங்கல்வராயன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் எப்போதும்போல் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கரண்டி பிடித்த விரலில் மோதிரம் இருந்தது. அவன் கை சோற்றிலேயே நின்றது.

“துன்னு மாமா,” என்றாள். “நாளிக்குக் கெணத்தோட அடிவரைக்கும் தோண்டறாங்களாம்.”

அவன் நிமிரவில்லை. குழம்பு இலையை விட்டு வழிந்து அவன் மடியில் இறங்கியது. அதையும் துடைக்கவில்லை.

வேம்புலி அவன் எதிரிலேயே நெற்றிப்பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி இலையோரம் வைத்தாள்.

“எனக்குப் புள்ள இல்ல. உன் தம்பிக்கு நீதான் கொள்ளி வெக்கணும். விடிஞ்சதும் வா மாமா. தல எந்தப் பக்கம் கீதுன்னு உனக்குத்தான் தெரியும்.”