காசியில் விட வேண்டியது

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. போகாதவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

என் அக்கா தங்கமணியோடும் அவள் புருஷன் கண்ணாயிரம் மாமாவோடும் தொண்ணூறாம் வருஷம் காசிக்குப் போனேன். புண்ணியம் தேடிப் போகவில்லை. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. "சோறு போட்டு வச்சிருக்கன்னு உங்க மாமாகிட்ட சொல்லு தங்கதுரை" என்பாள் அக்கா. மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "பசி இல்லன்னு சொல்லுப்பா" என்பார் அவரும் என்னிடமே. தம்பியாகப் பிறந்து அடுத்த வீட்டிலேயே குடியிருந்த பாவத்துக்கு நான் அந்த வீட்டில் தபால்காரன். ரயிலிலும் அந்த வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். மாமாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோடரிதான். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கை காட்டுகிறோமோ அந்தப் பக்கம் மரத்தைச் சாய்ப்பார்; பக்கத்துக் கூரையில் ஓர் ஓலை கலையாது. பேச்சிலும் அப்படித்தான். ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்றமாட்டார். அந்த நல்ல குணம்தான் குடியைக் கெடுத்தது.

எண்பத்தேழு செப்டம்பரில் சாலை மறியல் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டோம். கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். மனு கொடுத்தோம், ஊர்வலம் போனோம், யார் காதிலும் ஏறவில்லை. ஒரு வாரம் ரோட்டை அடைத்தால் ஏறும் என்று எங்கள் சாதிச் சங்கத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் ஊர்ப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார்.

அவர் மகள் செவ்வந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. மறியலுக்கு முதல் நாள் அக்கா மாமாவிடம் சொன்னாள்:

"கள்ளக்குறிச்சில சின்னம்மா வூடு இருக்குது. இவள இன்னைக்கே அங்க கொண்டு வுட்டுட்டா ஆஸ்பத்திரி கிட்டக்க. அப்பறம் நீ ரோட்ட அடச்சிக்கோ, ஆத்த அடச்சிக்கோ."

"ஊர்ல இன்னும் ரெண்டு வூட்ல புள்ளத்தாச்சி இருக்குதுங்க" என்றார் மாமா. "ஒண்ணும் ஆவாது, வூட்லயே இருங்கன்னு அவங்களுக்குச் சொல்லிட்டு, என் பொண்ண மட்டும் முன்னாடியே தாட்டி வுட்டா எவன் என் பேச்சக் கேப்பான்? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"நியாயம் பேச இதுதான் உனக்கு நேரமா?"

"ஒரு வாரம்தான தங்கமணி. மருத்துவச்சி இருக்குது இல்ல."

அக்காவுக்கும் மாமாவுக்கும் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் ஊர் எல்லையில் நின்ற புளியமரத்தை மாமா சாய்த்தார். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அளந்து படுக்க வைத்தது போல விழுந்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில் செவ்வந்திக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நான் மாட்டு வண்டியைப் பூட்டினேன். அக்கா மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

மரத்தண்டை வந்ததும் மாமா எங்களைப் பார்த்தார். கோடரியை எடுத்தார். சாய்க்கும்போது மரம் தன் பாரத்திலேயே பாதி விழுந்துவிடும். விழுந்த மரத்தைத் துண்டு போடுவது வேறு வேலை. ஊரே கூடி நெம்பிப் பார்த்தது, அசையவில்லை. கரும்புக் கொல்லை வழியாகச் சுற்றிப் போகலாம் என்று நான் வண்டியை இறக்கினேன். முதல் நாள் மழை. சக்கரம் அச்சு வரை புதைந்தது. அந்த மரத்தைத் தாண்டினாலும் அடுத்த ஊர்க்காரன் சாய்த்த மரம், அதற்கப்பால் இன்னொரு ஊர்க்காரனுடையது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளங்கை கிழிய வெட்டிக்கொண்டே இருந்தார். சேற்றில் நின்ற வண்டியிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க மாமாவ வெட்டுறத நிறுத்தச் சொல்லு தங்கதுரை. அவ போயிட்டா."

அதுதான் நான் சுமந்த முதல் தபால்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது எங்கள் பக்க வழக்கம். தலைச்சுமையோடு நடப்பவர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், இறக்க முடியாமல் போன அவளுடைய சுமையும் இறங்கும் என்பார்கள். மாமாவும் ரோட்டோரம் நட்டார். அக்கா புல்லுக்கட்டோடு அந்த வழியாகத்தான் வருவாள். கழுத்து நொந்தாலும் அதில் இறக்க மாட்டாள். வீடு வரைக்கும் சுமந்தே போவாள்.

பிறகு ஒதுக்கீடு கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, கிடைக்கத்தான் செய்தது. செவ்வந்தியின் தம்பி வெங்கடேசனுக்கு அதில்தான் பாலிடெக்னிக்கில் இடம் வந்தது. எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். ஊரார் வீட்டுக்கே வந்து, "எல்லாம் உங்க அப்பன் சாய்ச்ச மரம்தாண்டா" என்று அவன் முதுகில் தட்டினார்கள். மாமாவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அக்காள வித்து தம்பிக்கு சீட்டு வாங்கிக் குடுத்த மவராசன்னு உங்க மாமாகிட்ட சொல்லு தங்கதுரை." அந்தத் தபாலை நான் கொண்டுபோகவில்லை. ஊரோடு சேர்த்து அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பையன் பாவம், எதற்குப் பாஸ் பண்ணினோம் என்பது போல நின்றான்.

உளுந்தூர்பேட்டையில் ஒருவர் ஆள் சேர்த்துக் காசிக்கு அழைத்துப் போகிறார் என்று அதற்குப் பிறகுதான் மாமா கேள்விப்பட்டார். காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் அவர் காதில் விழுந்தது. மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கங்கையில முழுவுனா அவ கோவத்த வுட்டுடுவா தங்கதுரை. ஜாஸ்தி வேணாம், ஒரு வார்த்தை நேரா எங்கிட்ட பேசட்டும். திட்டுனாக்கூட சரிதான்."

எப்படியோ அக்காவும் வருகிறேன் என்றாள். மகளுக்குப் பிண்டம் வைப்பார்கள் என்று அவளுக்கு நான் சொல்லியிருந்தேன்.

அலகாபாத் நெருங்கும்போது ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் டயரைக் கொளுத்திப் போட்டுவிட்டுக் காலேஜ் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். டில்லி அரசாங்கம் மண்டல் ஒதுக்கீடு கொடுக்கப்போகிறதாம், கொடுக்கக் கூடாதாம். எங்களைக் கூட்டிப்போனவர் விவரம் சொல்ல, நான் அக்காவுக்குச் சொன்னேன்.

"வேணும்னும் வழிய அடைக்கிறானுங்க, வேணாம்னும் வழிய அடைக்கிறானுங்க" என்றாள் அக்கா. "எந்தப் பொட்டியில எவ வலியோட துடிச்சிக்கினு கெடக்குறாளோ, உங்க மாமாவப் போய்ப் பாக்கச் சொல்லு."

குத்தலுக்குத்தான் சொன்னாள். மாமா எழுந்தார். பாஷை தெரியாத அத்தனை கூட்டத்துக்குள்ளும் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பெண்ணின் வயிற்றையும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். யாரோ சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பித்தான் அறுந்து, வேர்த்து ஊற்றத் திரும்பி வந்தார்.

"யாரும் இல்லன்னு சொல்லுப்பா" என்றார்.

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அக்கா மேலும் வந்தது. செத்தவளுக்காக இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் இப்படி அறுத்துக்கொள்ள வேண்டுமா? கேட்க வாய் வரவில்லை. சேற்றில் வண்டியை இறக்கியவன் நான்.

கங்கை செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. படிகள் பாதி தண்ணீருக்குள் இருந்தன. பிண்டம் வைத்து முடித்ததும், தமிழ் பேசிய ஒரு சாஸ்திரிகள் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "முழுக்குப் போட்டு, ஏதாவது ஒண்ணை இங்கே விட்டுடணும். ஊருக்குப் போய் அதைத் தொடப்படாது. வேண்டாததை விட்டா கணக்கில் வராது, கேட்டேளா? பிரியமானதைத்தான் விடணும்."

எங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஒருத்தர் பாகற்காயை விட்டார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தர் ஜிலேபியை விட்டார். கங்கை எதையும் வாங்கிக்கொள்வாள் போலிருக்கிறது.

மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "புளிய வுட்டுட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். புளிக்குழம்பு இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டவர் இல்லை அவர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். புளியை விட்டால் குழம்புக்கு எங்கே போவது என்று ஒரு அம்மாள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். என்னைக் கூப்பிடவில்லை.

"தங்கமணி, தப்புதான். அன்னைக்கே அவள அனுப்பியிருக்கணும். இங்க வச்சி கேக்குறேன், நீயும் வுட்டுடு."

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். இன்னொரு முறை முழுகினாள். எழுந்து முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு நின்றாள். மாமா அருகில் போனார். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் முகம் போல இருந்தது அவர் முகம்.

"இன்னா வுட்ட?" என்று கேட்டார்.

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"உன்னத்தான் வுட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள். "பிரியமானதத்தான் வுடணுமாமே."

சொல்லிவிட்டு ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு படியேறினாள். மாமா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட பேசிட்டா தங்கதுரை" என்றார்.