பறக்கும் பெண்ணும் இரட்டிப்பு மாமாவும்

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கு வசனம் எழுதுவது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகம். ஓவியர் வரைந்து கொடுப்பார். தலைக்கு மேலே இருக்கிற வெள்ளைக் குமிழிக்குள் நான் பேச்சை அடைப்பேன். எங்கள் நாயகி ஏழாம் வகுப்புக்காரி, தோளில் சிவப்புத் துணி, பறப்பாள். அவளுடைய எதிரி இரட்டிப்பு மாமா. "உண்டியலக் குடு கண்ணு, ஒரே மாசத்துல ரெண்டாக்கித் தாரேன்" என்று வீடு வீடாக வருவார். அவள் வானத்திலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்து, "முடியாது! வெளியே போ!" என்று கர்ஜிப்பாள். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால்! அதே சமயம் என் வீட்டுக்கும் ஒரு மாமா வந்துகொண்டிருந்தார். என் கணவரின் தாய்மாமன். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறார். பைனான்ஸில் கடன் வாங்க என் ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். தங்கமான மனுஷர், எங்கள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை உட்காராதவர். ஆனால் தவணை நின்றால் எங்கள் தலையில்தான் வந்து விடியும். வீடு கட்டச் சேர்த்த பணம் அத்தனையும் போய்விடும். கணவரோ மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் பால் வாங்கக் கிளம்பிவிடுவார். எங்கள் பக்கம் யார் முகத்துக்கு நேரே முடியாது என்கிறார்கள்? "பார்க்கலாமுங்க மாமா" என்றேன். அடுத்த ஞாயிறும் வந்தார். "பார்க்கலாமுங்க." அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் சூலூரில் ஒரு பள்ளியில் படித்துக் காட்டினோம். நாயகி பறந்ததற்கு ஒரு பிள்ளைகூட வாயைப் பிளக்கவில்லை. விமானப்படைத் தளம் இருப்பதால் தினமும் தலைக்கு மேலே விமானம் உறுமுகிற ஊர், இதெல்லாம் அவர்களுக்கு எம்மாத்திரம்! ஆனால் "வெளியே போ" வந்ததும் வகுப்பே முகம் சுளித்தது.

"மாமாவப் போயி இப்படியா பேசுவாங்க மிஸ்?" என்றான் ஒருவன்.

"அவரு ஏமாத்துக்காரரு ஆச்சே!" என்றேன்.

"ஏமாத்துனா என்னுங்க, பெரியவங்கதானுங்களே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "செரி, பார்க்கலாமுங்கன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அப்படிச் சொன்னா திரும்பத் திரும்ப வருவாருங்க மிஸ்!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். யாரோ என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்தாள். "'முடியாதுங்க மாமா'ன்னு எழுதுங்க மிஸ். அப்பறம் காப்பி குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அதோடு விடாமல் நடித்தும் காட்டினார்கள். மாமாவாக வந்த பையன் கெஞ்சினான், மிரட்டினான், தரையில் புரண்டு அழுதான். அவள் சிரித்த முகம் மாறாமல், "முடியாதுங்க மாமா. காப்பி ஆறுதுங்க" என்றாள். வகுப்பு குலுங்கியது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அன்று மாலையே குமிழியை மாற்றிவிட்டேன்.

ஞாயிறு வந்தது, மாமாவும் வந்தார். காப்பி டம்ளரை நீட்டியபடியே, "கையெழுத்து முடியாதுங்க மாமா" என்றேன்.

என் கணவர் பால் வாங்கப் போயிருந்தார்.

"அட, ஏனம்மணி! இத மொத வாரமே சொல்லிப்போட்டிருந்தா எனக்குப் பெட்ரோலாவது மிஞ்சியிருக்குமல்லோ?" என்று மாமா சிரித்துவிட்டார். வருத்தம் மறைக்கிற சிரிப்பில்லை, அசல் சிரிப்பு. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினேன்.

மேசையில் கிடந்த காமிக்ஸ் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் இரட்டிப்பு மாமா வருகிற பக்கத்தில் நின்றார். விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"புஸ்தகம் வந்தா எனக்கொண்ணு எடுத்து வெய்யி."

"பேரனுக்குங்களா மாமா?"

"எனக்குத்தான் அம்மணி. கேட்டவனுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போட்டுத்தான், இப்ப நான் ஊடு ஊடா அலையறேன்."