தலை பெரிய பிளக்ஸ்

பிளக்ஸ் டிசைன் செய்கிறவன் ஊராரைப் புகழ்ந்து பிழைக்கிறவன். திட்டு மட்டும் அவனுக்கு இலவசம். என்னைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு ஒடிகிற சக பாவிகளே, திருத்தங்கலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தலை அளவு

தங்கள் அப்பாவுக்கு எண்பது வயது விசேஷம் என்று ஆமத்தூரிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். நடுவில் அப்பா, இரு பக்கமும் மகன்கள். அண்ணன் கொடுத்தது பாஸ்போர்ட் படம், முகம் பூசணிக்காய் மாதிரி வந்தது. தம்பி கொடுத்தது நின்றபடி எடுத்த படம், தலை எலுமிச்சம்பழம்.

தம்பி திரையில் விரல் வைத்து அளந்தார். பெரிதாக்கினேன். அண்ணன் முறைத்தார். அவரையும் பெரிதாக்கினேன். கடைசியில் அப்பாவின் தோள் இரண்டும் காணாமல் போயின. அப்போதும் தம்பிக்கு ஆறவில்லை. “அண்ணன் தலையவிட என் தலை சின்னதா இருந்தா ஊருக்குள்ள நான் எப்படிண்ணே நடமாட?”

நல்ல படம்

புதுப் படம் எடுக்க அப்பாவைக் கூட்டி வந்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. கதவைத் தடவித் தடவித்தான் உள்ளே வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆபரேஷன் செய்யவில்லையா என்று கேட்டுவிட்டேன். அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: “விசேஷம் முடியட்டும்ணே. இப்பக் கண்ணுல கட்டுப் போட்டா பிளக்ஸ்ல நல்லாவா இருக்கும்?”

அகராதி

அடுத்து, அப்பா பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்று அடைமொழிச் சண்டை. தம்பிக்கு ‘வணக்கத்துக்குரிய’ வேண்டும், அண்ணனுக்கு ‘போற்றுதலுக்குரிய’ வேண்டும். ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி அடித்தேன், கை வலித்தது. பெரியவரே பொறுமை இழந்து, “போற்றுறதுன்னா என்னலே? எதுக்கு இம்புட்டுச் சண்டை போடுதீக?” என்றார். மகன்கள் என்னைப் பார்த்தார்கள்.

மானிட்டருக்கு முட்டுக்கொடுத்திருந்த அகராதியை உருவினேன். புகழ்தல், வணங்குதல் என்று இருந்தது. கூடவே பேணுதல், பாதுகாத்தல் என்றும் இருந்தது. பேணிக் காத்த பிறகுதான் புகழ்ச்சியே வந்திருக்கும் போல என்று என் சரக்கையும் சேர்த்து, வேண்டுமென்றே உரக்கப் படித்தேன்.

பெரியவர் மேசையைத் தடவி என் கையைப் பிடித்தார். “அந்த வார்த்தையையே போடுங்க தம்பி. ஆனா கண் ஆபரேசன் முடிஞ்ச பொறவு போடுங்க. நானும் படிக்கணும்ல.”

ஆர்டர் தள்ளிப்போனதும் முதலாளி என்னைப் பேசிய பேச்சுக்கு மட்டும் எந்த அகராதியையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.