நாலு எண்ணும் நேரம்

மூன்று விரல்களைச் செல்போனுக்கு முன்னால் நீட்டிவிட்டு ஜெயபாய் எண்ணுகிறார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு." நாலுக்கு, திரைக்குள்ளே திருப்பூரிலிருந்து மூன்று விரல்கள் எழும்புகின்றன. "ம், இன்னைக்கும் நாலுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகே தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

தம்பி சின்னத்துரைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெயபாய் வீடு திரும்பியதும் இருவரும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். சேத்தூர் வீட்டில் சிக்னல் சுமார்தான். இங்கே தூக்கிய கை அங்கே தெரிந்து, அங்கே தூக்கிய கை இங்கே வந்து சேர நாலு எண்ண வேண்டும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்றால் ரெண்டு. கூமாப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது ஆறு. தான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆட்களோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போன அன்று எவ்வளவு என்று கேட்டால், "அங்க எண்ணிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்" என்பார்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு எதையும் ஒரே தடவையில் நம்பும் பழக்கம் இல்லை. பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டுக் கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்பார். பேண்டேஜ் கம்பெனியில் துணி பார்க்கும் வேலை. சுருளை டியூப் லைட்டுக்கு நேரே விரித்து, அறுந்த நூலும் எண்ணெய்க் கறையும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். ஒரு குறையும் அகப்படாத சுருளைத்தான் மறுபடி விரிப்பார். "குத்தம் இல்லாம இருக்காது. நாமதான் சரியாப் பாக்கல."

ஆனால் அந்த எண்ணிக்கைக்குக் காரணம் வேறு. மூன்று வருஷத்துக்கு முன் சின்னத்துரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தான். குடியால் ஈரல் கெட்டிருந்தது. இனிமேல் தொட்டால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று டாக்டர் ஜெயபாயைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோய் லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்பார்: குடித்தாயா? அவன் கையை ஆட்டி இல்லை என்பான். எப்போதும் இல்லை என்றுதான் சொல்வான். ஜெயபாய் பார்ப்பது அது வந்து சேரும் நேரத்தை. நாலு வரைக்கும் போவது நெட்டுக்கு. அதற்கு மேலே போனால் அது தம்பியின் தயக்கம். ரொம்ப நாள் நாலில் வந்துகொண்டிருந்த பதில், இந்தச் சித்திரைக்குப் பிறகு அஞ்சில் வர ஆரம்பித்தது.

இந்த முறையில் ஓட்டைகள் உண்டு. மழை பெய்தால் நெட் மாறும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போன் பார்த்தாலும் மாறும். எல்லாவற்றையும்விட, பயந்துகொண்டு எண்ணுகிறவர் வேகமாகத்தான் எண்ணுவார். அந்த உபரி ஒன்று தம்பியினுடையதா, அக்காளினுடையதா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. ஜெயபாய்க்கும் இது ஓரளவு தெரிந்தே இருந்தது.

ராஜபாளையத்தில் மதுசூதனின் செல்போன் கடைக்கு முதல் 5ஜி போன் வந்தபோது வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். அப்போதே ஜெயபாய் உள்ளே போய் நின்றிருக்கிறார்.

"ஒரு முழுப் படம் நிமிசத்துல எறங்கிரும்க்கா."

"படம் கெடக்கட்டும். இங்க கையத் தூக்குனா அங்க எம்புட்டு நேரத்துல தெரியும்?"

"கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள."

"எங்க, காட்டு பாப்போம்."

மதுசூதன் தலையைச் சொறிந்தான். "நம்ம ஊருக்கு இன்னும் டவர் வரலைக்கா. போன் ரெடி. டவர் பொறவு வரும்."

"அப்ப ரோடு இல்லாத ஊருக்கு பஸ்ஸு விக்கிய, என்ன?"

அதன் பிறகு இரண்டு வருஷம், கடையைத் தாண்டும்போதெல்லாம் வாசலில் நின்றபடியே "வந்துட்டா?" என்பார். "வருது, வருது" என்பான் அவன். ஒருநாள் வந்தேவிட்டது. போனின் மூலையில் 5ஜி என்று தெரிவதைக் காட்டினான். ஜெயபாய் அசையவில்லை. "எழுதுறதுக்கு என்ன தம்பி? சோப்பு டப்பாலகூட நம்பர் ஒன்னுன்னுதான் போட்டிருக்கான்." ரெண்டு பக்கமும் இருந்தால்தான் வேகம் என்று அவன் சொன்னதும், முதலில் தம்பிக்கு ஒன்றை வாங்கித் திருப்பூருக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பியூலாவிடம் கொடுத்தனுப்பினார். மறுமாதம் தனக்கு ஒன்று. வீட்டுக்குக் கொண்டுபோகிற யோசனையே இல்லை. கடையிலேயே, மதுசூதன் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியைக் கூப்பிட்டார்.

மூன்று விரல் காட்டினார். "ஒண்ணு" என்று வாய் திறப்பதற்குள் மூன்று விரல் வந்துவிட்டது.

"இது பழைய படமா இருக்கும்" என்றார் மதுசூதனிடம்.

"அக்கா, நீங்க இப்பத்தான காட்டுனீங்க?"

இடது காதைத் தொடு என்று தம்பிக்குச் சைகை செய்தார். தொட்டான். ரெண்டு விரல். உடனே ரெண்டு. தம்பியின் தாடியில் நரை தெரிந்தது. சட்டைப் பொத்தானில் ஒரு நூல் பிரிந்து தொங்குவதுகூடத் தெரிந்தது. அவன் புதுப்போன் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்பமாவது நம்புதியளாக்கா?"

"செத்த நேரம் சும்மா இரி."

இனி நெட்டுக்கென்று விட்டுக்கொடுக்க நாலு கிடையாது. இப்போது ஒன்று எண்ணும் நேரம் தாமதமானாலும் அது முழுக்கத் தம்பியுடையது. ஜெயபாய் போனை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டார். வலது கையின் கட்டைவிரலை நிமிர்த்தினார்.

சின்னத்துரை அந்தக் கணமே பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றது. மடியிலிருந்த அவன் கை பாதி உயர்ந்து, கேள்வி முடியட்டும் என்று காத்திருந்தது.

கட்டைவிரல் உதட்டருகே போய் நின்றது. பிறகு மற்ற நாலு விரல்களும் மெல்ல மடங்கி வந்து அதன் நுனியோடு கூடிக்கொண்டன. சாப்பிட்டாயா என்று கேட்டார் ஜெயபாய்.