கூலரில் பூத்த உப்பு

ஓசூரில் கூலர் சர்வீஸ் பார்க்கிறவளுக்கு மார்ச் மாதம் பிறந்தால் பெயர் மாறிவிடும். பிப்ரவரி வரைக்கும் 'ஸ்டெல்லா மேடம்', அப்புறம் 'எங்கே அந்தப் பொம்பளை?'

வேலை இதுதான். கூலரில் தேன்கூடு மாதிரி மடித்த அட்டை இருக்கும், அதைப் பேட் என்போம். மேலேயிருந்து தண்ணீர் சொட்டும், அட்டை உறிஞ்சும், ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது காற்று குளிரும். ஆனால் நம்ம ஊர் போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு ஆவியாகாது. பேட்டிலேயே தங்கித் துளைகளை அடைத்துக்கொள்ளும். பிறகு அட்டை தண்ணீரை உறிஞ்சாது, காற்றும் நுழையாது. போர்த் தண்ணீரை ஊற்றிவிட்டு ராத்திரியெல்லாம் விசிறியால் வீசிக்கொண்டு படுத்திருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐஸ் கட்டிய கூலர்

சிப்காட் பக்கம் ஒரு தையல் யூனிட். அதன் மேனேஜர் போன் செய்தார். "மேடம், கூலர் ஓவரா கூல் ஆகி ஐஸ் கட்டிடுச்சு. ஆனா உள்ளே லேடீஸ் எல்லாம் வேர்க்குதுன்னு சொல்றாங்க. எது உண்மைன்னு தெரியலை." போய்ப் பார்த்தேன். பேட் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேர் என்று பூத்திருந்தது.

ஒரு சில்லைப் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "உருகுதா பாருங்க சார்" என்றேன். கையை நீட்டியபடியே நின்றார். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சில்லு உருகவில்லை. அவர் நெற்றியிலிருந்துதான் வேர்வை சொட்டியது. கையை மெதுவாக இறக்கிவிட்டுக் கேட்டார்: "போன வாரம் துணி ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையரை இது முன்னாடி நிக்க வெச்சு போட்டோ எடுத்தேனே மேடம், அதை இப்ப என்ன பண்றது?"

இரும்பு பிரஷ்

அடுத்தவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆஸ்பத்திரி கூலரில் உப்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. இரும்பு பிரஷ்ஷை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். உப்பு போய்விட்டது. கூடவே பேட்டும் போய்விட்டது. கம்பெனியில் எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த கோயில்பிள்ளை தூத்துக்குடிக்காரர். அவர் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்தில்தான் வேலை. நான் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் வந்து டீயை வைத்தார். "எங்க ஊர்ல தண்ணி போயி உப்பு நின்னா முதலாளி சிரிப்பாரு. இங்க அதே உப்பு நின்னா மெமோ கொடுக்காங்க. நீ ஊரு மாறிப் பொறந்துட்டம்மா."

கல்லுப்பு வைத்தியம்

பாகலூர் ரோட்டில் ஒரு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார். புது பேட், நல்ல தண்ணீர், இருந்தும் கூலிங் இல்லை என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். நான்காவது முறை தொட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். கரைந்தும் கரையாமலும் ஒரு பிடி கல்லுப்பு வந்தது.

"ஐஸ்கிரீம் செய்யறவன் ஐஸ்ல உப்பு போட்டுத்தானே கூலிங் ஏத்தறான்?" என்றார். "அது ஐஸ் சார், இது தண்ணி. உப்புத் தண்ணி சீக்கிரம் ஆவியாகாது" என்றேன். அவர் எம்.எஸ்ஸி., நான் ஐ.டி.ஐ. நம்புவாரா? வாக்குவாதம் வேண்டாம் என்று ஒரே மாதிரி இரண்டு டவல் கேட்டேன். ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதைத் தொட்டித் தண்ணீரிலும் நனைத்துப் பிழிந்து மொட்டைமாடிக் கொடியில் போட்டோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் முதல் டவல் மொறமொறவென்று காய்ந்திருந்தது. உப்பு டவல் இன்னும் பிசுபிசுத்தது. வாத்தியார் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பின்னாலேயே படியேறி வந்த அவர் மனைவி சொன்னார்: "முப்பது வருஷமா போர்டுல எழுதிப் போட்டதை இன்னைக்குத்தான் படிக்கறாரு. நீ வாம்மா, சாப்பிட்டுட்டுப் போ."

ராமப்பாவின் வால்வு

சூளகிரி பக்கம் ராமப்பா பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பேட், எதிர்ச் சுவரில் ஃபேன். ஏப்ரல் வெயிலில் உள்ளே அனல் அடித்தது. வெட்டுவதற்கு முன்பே மொட்டுகள் விரிய ஆரம்பித்துவிட்டன. விரிந்த பூவை வியாபாரி தொடமாட்டார். அந்த வருஷத்து உழைப்பு முழுவதும் அந்தக் குடிலுக்குள்தான் இருந்தது.

பேட்டில் ஓடிவிட்டுத் திரும்பும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதில் கொஞ்சத்தை வெளியே விட ஒரு சின்ன வால்வு உண்டு. ராமப்பா அதைத் திறக்க முடியாதபடி கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்க்கச் சொன்னேன். "ஆயிரத்தி இருநூறு அடியிலேர்ந்து வர்ற தண்ணிம்மா. அதைச் சும்மா தரையில விடச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?" என்றார். இரண்டு போர் காய்ந்து, மூன்றாவதில் தண்ணீர் பார்த்தவர் அவர்.

இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். பேட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மெத்தென்ற பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுத்தோம். தேறாததை மாற்றினோம். வால்விலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வரப்போரத் தென்னை மரங்களுக்கு விட்டேன். ரோஜாவுக்குத்தான் உப்பு ஆகாது, தென்னை ஓரளவு தாங்கும். தண்ணீர் வீணாகவில்லை என்றதும் அவரே வந்து கம்பியை அவிழ்த்தார். அன்று சாயங்காலம் குடிலுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து, விரியாத மொட்டு ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டிருந்தார்.

பாதிப் பூ தப்பித்தது. அடுத்த வாரம் அவர் மனைவி போன் செய்தார்: "அந்த வால்வைக் கட்டிப் போட்டிருந்த மனுஷன், இப்போ தென்னைக்குப் பத்தலைன்னு முழுசாத் திறந்துவிட்டுட்டு நிக்கறாரு. வந்து சொல்லிட்டுப் போம்மா, நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு."

வீட்டு முகவரி

மே மாதம் ஒரு நாள் கம்பெனியிலிருந்து என் போனுக்குப் புதுப் புகார் வந்தது. 'ஒரு மாதமாகக் கூலிங் இல்லை, பேட் முழுக்க உப்பு, யாரும் கவனிக்கவில்லை.' முகவரியைப் பார்த்தேன். என் வீடு. ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கஸ்டமர் கேருக்கு முறைப்படி போன் போட்டுப் பதிவு செய்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டால், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "ஸ்டெல்லா மேடம் ரொம்ப பிஸின்னு சொன்னாங்க, வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு கூலர் முன்னாடி உக்காந்திருக்கேன்."

தண்ணீருக்குப் போகத் தெரியும், உப்புக்கு இருக்கத் தெரியும், இரண்டுக்கும் நடுவில் நின்று திட்டு வாங்கத்தான் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வேண்டியிருக்கிறது.